பரீட்சைக்கு வாய்தா

எங்கண்ணன் அர்த்தநாரியைப் பத்திக் கேட்டா எங்க ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. பெரிய இன்ஜினியரா வர வேண்டியவன், பாவம், குடுத்து வெக்கலைன்னு ஒருத்தர் சொல்லுவாரு. தங்கச்சி கல்யாணத்துக்காகப் படிப்பையே உட்டுட்டு வந்தவன், அந்த மாதிரிக் கூடப் பொறந்தவன் ஆருக்குக் கெடைப்பான்னு இன்னொருத்தர். அப்பன் வேலுசாமி கோர்ட்டுக் கிறுக்குல பையனைக் கெடுத்துப்போட்டான்னு சொல்றவங்கதான் நெறைய. அந்தத் தங்கச்சி நாந்தானுங்க, ராமாயி. ஊர் சொன்னதையெல்லாம் இத்தனை வருசமாக் காதுல வாங்கிட்டு வாயை மூடிட்டு இருந்தாச்சு. இப்ப நாஞ் சொல்றதையும் ஒருக்காக் கேளுங்க.

எங்க காடு மல்லசமுத்திரத்துக்கு மேக்க இருக்குது. எங்கய்யனுக்கும் அவரு தம்பி, எங்க சித்தப்பன் சின்னுசாமிக்கும் பொதுவுல ஒரே கெணறு. ஒரு நாள் எங்க முறை, மறுநாள் அவங்க முறைன்னு எருதைப் பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணி எறைப்பாங்க. ஒரு கோடையில எங்க முறையன்னிக்கு வெடியால போய்ப் பாத்தா, சித்தப்பன் எருது கெணத்தடியில நிக்குது. ஏன்னு கேட்டதுக்கு, நேத்து எங்க முறையில பாதிப் பொழுது நீங்கதானே எறைச்சீங்கன்னு பதில். வெத்தலை மென்னு துப்பற நேரத்துல பேசித் தீத்துக்கற சமாச்சாரம். அதுக்குள்ள ஆரோ ஒரு புண்ணியவான் எங்கய்யனைச் சங்ககிரிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு வக்கீலைக் காட்டி உட்டுட்டான்.

அன்னிக்குப் புடிச்சுது அவருக்குக் கோர்ட்டுப் பைத்தியம். கள்ளுக் குடிக்கறவன்கூடப் பொழுதோட ஊடு வந்து சேந்துருவான். எங்கய்யன் கேஸ் இல்லாத நாள்லயும் வேட்டியை வெளுத்துக் கட்டிட்டுக் கோர்ட்டு வேப்பமரத்தடியில போய் உக்காந்து, ஊரான் கேஸையெல்லாம் கேட்டுட்டு வருவாரு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா மனு, சாட்சி, அப்பீல், வாய்தான்னு அந்த வார்த்தையெல்லாம் வாயில வெல்லமா வரும். அதுலயும் வாய்தான்னா உசிரு. இன்னிக்கு முடியாதுங்க, இன்னொரு தேதி குடுங்கன்னு வக்கீல் எந்திரிச்சுச் சொன்னா, அதிகாரி சரின்னு தேதியைத் தள்ளி வெச்சுருவாராம். காய்ச்சல்னாலும் குடுப்பாங்க, கருமாதின்னாலும் குடுப்பாங்க. வெள்ளைக்காரன் சட்டத்துல எரக்கம் இருக்குதுன்னா அது வாய்தாவுலதான்னு அவரு சொல்லுவாரு. இங்கிலீசு நடக்கற எடம் எதுவா இருந்தாலும் எங்கய்யன் கணக்குல அது கோர்ட்டுதான். தபாலாபீசையும் அப்படித்தான் பாத்தாரு, ரயில் டேசனையும் அப்படித்தான் பாத்தாரு. அங்கயெல்லாம் துண்டை இடுப்புல கட்டிட்டு நிப்பாரு.

எங்களுக்கு ஆத்தா இல்லை. நான் பாவாடை கட்டற வயசுலயே போய்ச் சேந்துட்டா. அண்ணனும் நானுந்தான் ஒருத்தருக்கொருத்தர். அவன் திருச்செங்கோட்டுல பள்ளிக்கூடம் படிச்சு, சேலத்துல காலேஜு படிச்சு, அங்க கணக்குல மொத ஆளா வந்தான். அப்பறம் சென்னப்பட்டணத்து இன்ஜினியரிங் காலேஜுல எடம் கெடைச்சுது. எங்க சுத்து வட்டாரத்துல அதுக்கு முன்னால அந்தப் படிப்புக்கு ஆரும் போனதில்லை. மேட்டூர்ல அணை கட்டி முடிச்ச புதுசு அது. எங்க ஊர் ஆளுக வண்டி கட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்து வாயைப் பொளந்துட்டுப் பேசுவாங்க. அந்த மாதிரி ஒண்ணை எங்கண்ணன் கட்டப் போறான்னு எனக்கு நெஞ்சு நெறைஞ்சு கெடந்துச்சு. நான் அஞ்சாவதோட நின்னவ. அவன் படிச்சா நான் படிச்ச மாதிரின்னு நெசமாவே நெனச்சேன்.

லீவுக்கு வந்தான்னா காட்டுக்குள்ள இருக்கற பாறைதான் அவனுக்குப் பள்ளிக்கூடம். கடலைக்காயும் சோளமும் காயப் போடற பெரிய பாறை. சுண்ணாம்புக்கல்லை எடுத்துட்டுப் போயி அந்தப் பாறை நெறையக் கணக்கு எழுதுவான். மழை வந்தா அழிஞ்சிரும், மறுபடியும் எழுதுவான். நான் சோறு கொண்டுட்டுப் போனா, உக்காரு அம்மிணி, இதைக் கேளுன்னு ஆரம்பிச்சுருவான். எனக்குப் புரியுதா இல்லையாங்கறதெல்லாம் அவனுக்குக் கவலையே இல்லை. வாயைத் தொறந்து சொன்னாத்தான் அவனுக்கே புரியுமாம்.

டிபரன்சியல் ஈக்குவேசன்னு ஒண்ணு சொல்லுவான். அது எனக்கு வாயில நொழையலைன்னு 'ஆறற கணக்கு'ன்னு நானே ஒரு பேரு வெச்சுட்டேன். ஏன்னா அவன் களியை வெச்சுத்தான் சொல்லிக் குடுத்தான். சட்டியில இருந்து எடுத்த களி எப்படி ஆறுது பாரு, சூடு நெறைய இருக்கறப்ப வேகமா ஆறுது, சூடு கொறயக் கொறய ஆறற வேகமும் கொறையுது. எவ்வளவு சூடு மிச்சம் இருக்குதுங்கறதும் எவ்வளவு வேகமாக் கொறையுதுங்கறதும் ஒண்ணையொண்ணு புடிச்சுட்டு நிக்குது. அந்தப் புடிப்பை மட்டும் எழுதி வெச்சுட்டா, எந்த நேரத்துல எவ்வளவு சூடு இருக்கும்னு பாக்காமயே சொல்லிரலாம்னான். அப்ப எப்ப முழுசா ஆறும்னு கேட்டேன். கணக்குப்படி முழுசா ஆறவே ஆறாது, ஆறிட்டே இருக்கும்னான். நான் களியில கையை வெச்சுக் காட்டி, கணக்குப் போட்டு முடிக்கறதுக்குள்ள ஆறிப் போச்சு, மொதல்ல தின்னுன்னேன். அவன் அப்படிச் சிரிச்சான். எங்கண்ணன் அந்த மாதிரிச் சிரிச்சு நான் பாத்தது அந்தப் பாறையில மட்டுந்தான்.

இன்னொண்ணு 'சாட்சிக் கணக்கு.' அதுக்கு அந்தப் பேரை வெச்சது எங்கய்யன். மூணு தெரியாத சங்கதி இருந்தா அதைக் கண்டுபுடிக்க மூணு சேதி வேணுமாம். அதுல ரெண்டு சேதி ஒரே சங்கதியை வேற வேற மாதிரிச் சொன்னா, பாக்கறதுக்கு மூணாட்டம் இருந்தாலும் உள்ளுக்குள்ள ரெண்டுதான், கணக்கு நிக்காதாம். வரிசையா நம்பரைக் கட்டம் கட்டி எழுதிப் பெருக்கிக் கழிச்சுப் பாத்தா, சைபர் வந்து அது காட்டிக் குடுத்துருமாம். அண்ணன் எங்கிட்ட இதைச் சொல்லிட்டு இருக்கறப்ப எங்கய்யன் பக்கத்துல நின்னு கேட்டுட்டே இருந்தாரு. திடீர்னு தொடையைத் தட்டினாரு. "இது நம்ம கேஸு சாமி. சின்னுசாமி கொண்டாந்து நிறுத்தின சாட்சி ரெண்டு பேரும் ஒருத்தன் சொன்னதையே இன்னொருத்தன் திருப்பிச் சொன்னானுக. அது ரெண்டு சாட்சி ஆவுமா?" எங்கண்ணன் ஆவாதுங்கய்யா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரின்னான். அன்னிக்கு எங்கய்யனுக்கு மண்டையில கிரீடம் வெச்ச மாதிரி. பட்டணத்துக் காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்களாம், சங்ககிரிக் கோர்ட்டுல நடக்கறதைத்தான் அங்கயும் படிக்கறாங்களாம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. காலேஜும் ஒரு கோர்ட்டுதாங்கற நெனப்பு அவரு மனசுல நல்லா ஊனி உக்காந்தது அன்னிக்குத்தான்.

அவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்தவன் வருசப் பரீட்சையில அந்தக் கணக்குப் பேப்பர்லயே தோத்துட்டு வந்து நின்னான். எனக்கு நம்பவே முடியலை. மத்ததெல்லாம் தேறிட்டான், கணக்கு மட்டும் போச்சு. என்னடா ஆச்சுன்னு ஊரே கேக்குது. எங்கிட்ட மட்டும் சொன்னான். கேள்வியைப் படிச்சதும் எல்லாம் தெரிஞ்சுதாம். எழுத ஆரம்பிச்சான். ஒரு எடத்துல கழித்தல் குறி ஒண்ணு தப்பிப் போயி, ஆற வேண்டிய சூடு ஏறிட்டே போச்சாம். எங்க தப்புன்னு தேடித் தேடி அடிச்சு அடிச்சு எழுதறதுக்குள்ள பக்கத்துல இருக்கறவன் பக்கம் பக்கமாத் திருப்பறது கேட்டுச்சாம். அதுக்கப்பறம் கையி நின்னு போச்சாம். மிச்ச நேரமெல்லாம் பேனாவைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன் அம்மிணின்னான். காலேஜு சட்டப்படி ஆவணியில மறுபடியும் ஒருக்கா அந்தப் பேப்பரை எழுதலாம். அதுலயும் தேறலைன்னா பேரை எடுத்துருவாங்க. அவ்வளவுதான், படிப்பு முடிஞ்சுது.

எங்கய்யனுக்கு வருத்தமே இல்லை. கீழ்க்கோர்ட்டுல தோத்தா மேல்க்கோர்ட்டு இருக்குதில்ல, அப்பீல்தானே சாமி, தைரியமாப் பண்ணுன்னு சொல்லிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டாரு. அண்ணன் ஆடி மாசமே பொட்டியைக் கட்டிட்டுப் பட்டணம் போய்ட்டான். இங்க இருந்தா ஆளாளுக்கு விசாரிக்கறாங்க, அங்க போய்ப் படிக்கறேன்னான்.

அவன் போனப்பறந்தான் எனக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை ஊரு சங்ககிரிப் பக்கம். நல்ல எடம், அவங்களுக்கு அவசரம். புரட்டாசி கல்யாணத்துக்கு ஆகாது, ஆவணியிலயே முடிச்சுப்போடணும், இல்லைன்னா வேற எடம் பாக்கறோம்னு சொல்லிட்டாங்க. ஜோசியர் பொருந்தி வார முகூர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான்னு சொன்னாரு. அந்த நாளுதான் எங்கண்ணனுக்குக் கணக்குப் பேப்பர். இது ஐயனுக்குத் தெரியும், எனக்கு அப்பத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அந்தப் பட்டுச் சீலையைக் கெணத்துல வீசியிருப்பேன்.

பொண்ணோட கூடப் பொறந்தவன் இல்லாம எங்க பக்கம் கல்யாணம் நடக்காது. தாலி கட்டி, நாவிதர் வாழ்த்துப் பாடி முடிச்சதும் மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே வட்டில்ல சோறு உண்ணணும். இனி ரெண்டு ஊடும் ஒண்ணுன்னு அதுக்கு அர்த்தம். கூடப் பொறந்தவன் வர முடியலைன்னா பங்காளி ஊட்டுப் பையன் உக்காரலாம், அதுல ஒண்ணும் கொறையில்லை. எங்களுக்குப் பங்காளிப் பையன்னா சித்தப்பன் மவன் செங்கோடந்தான். சின்னப் பையன்லருந்து என்னை அக்கா அக்கான்னு சுத்துன புள்ளை. ஆனா கேஸு நடக்குதே. ஒரே கெணத்துத் தண்ணியைக் குடிச்சுட்டு வாசப்படி மிதிக்காம இருந்தோம். எங்கய்யன் போயி அந்த ஊட்டுக் கதவைத் தட்டறதாவது.

அதனால எங்கய்யன் அவருக்குத் தெரிஞ்ச வழியில போனாரு. சங்ககிரிக்குப் போயி வக்கீல் குமாஸ்தாவைப் புடிச்சு இங்கிலீசுல ஒரு மனு எழுத வெச்சாரு. வேலுசாமிக் கவுண்டர் மவன் அர்த்தநாரிக்கு அன்னிக்குத் தங்கச்சி கல்யாணம் இருக்கறதால அவனோட பரீட்சைக்கு வேற தேதி குடுத்து வாய்தா போட்டு உத்தரவு ஆவணும்னு அதுல எழுதியிருந்துச்சாம். கோர்ட்டு ஸ்டாம்பு வேற ஒட்டினாரு. காலேஜுப் பெரிய தொரைக்கு ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிட்டு, மவனுக்கும் ஒரு கார்டு போட்டாரு. வாய்தாவுக்கு மனுப் போட்டாச்சு, பயப்படாமக் கெளம்பி வான்னு. கல்யாணம்னு சொன்னா வாய்தா குடுக்காத கோர்ட்டை நான் பாத்ததில்லைன்னு கோர்ட்டு வேப்பமரத்தடியில இருந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னாராம், ஊட்டுல மட்டும் மூச்சு உடலை. குமாஸ்தாவாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவனும் வேடிக்கை பாக்கறவந்தான், எழுதிக் குடுத்துட்டுக் கூலியை வாங்கிட்டுப் போயிட்டான்.

அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தியே வந்துட்டான். டேசனுக்கு வண்டி கட்டிட்டுப் போன எங்கய்யன் மொதக் கேள்வியே, வாய்தா குடுத்துட்டாங்களா சாமின்னுதான் கேட்டாராம். பாத்துக்கலாங்கய்யான்னு சொல்லிட்டுப் பொட்டியைத் தூக்கி வண்டியில வெச்சானாம். ஊட்டுல ஒறம்பரைச் சனம் நெறைஞ்சு கெடக்குது, பந்தல் போடறாங்க, அவனும் ஓடியாடி வேலை செய்யறான். எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. பரீட்சை என்னாச்சுன்னு கேட்டேன். அதைய உடு அம்மிணி, நீ சந்தோசமா இருன்னான். நானும் உட்டுட்டேன். கல்யாணப் பொண்ணுக்கு ஆயிரம் நெனப்பு.

முகூர்த்தம் நல்லாத்தான் முடிஞ்சுது. வட்டில் வெச்சு, மாப்பிள்ளையும் அவனும் எதிரெதிரா உக்காந்தாங்க. நான் பக்கத்துல தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்கறேன். பொண்ணு தலை நிமிரக் கூடாது, வாயைத் தொறக்கக் கூடாது. வட்டில்ல ரெண்டு கையி தெரியுது. ஒரு கையி சோத்தைப் பெசையுது, எங்கண்ணன் கையி சும்மா கெடக்குது. மாப்பிள்ளை, ஏன் மச்சான் உண்ணாம இருக்கறீங்கன்னு மெதுவாக் கேட்டாரு.

"ஒண்ணுமில்லீங்க மாப்ளே. இந்நேரம் அங்க கேள்வித்தாள் குடுத்திருப்பாங்க."

அன்னிக்குத்தான் பரீட்சைன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. ஏன் சொல்லலைன்னு கேக்கணும், வட்டிலைத் தள்ளி உட்டுட்டு எந்திரிச்சு ஐயா ஐயான்னு கத்தணும்னு இருக்குது. கழுத்து நெறைய மாலை, சுத்திப் பொம்பளைக. அப்படியே கல்லாட்டம் உக்காந்திருந்தேன். அவன் ஒரு வாய் எடுத்து உண்டான். கொலவை போட்டாங்க. என்னை வண்டியேத்தி அனுப்பிச்சுட்டாங்க.

மறு வாரம் பட்டணம் போனவன் பொட்டியோட திரும்பி வந்துட்டான். எங்கய்யன் மனுவைப் பெரிய தொரை படிச்சுட்டு, பரீட்சைக்கு வாய்தா கெடையாதுன்னு சொல்லிப் பேரை எடுத்துட்டாராம். கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டியிருந்ததைப் பாத்து ஆபீசுல சிரிச்சாங்களாம். எங்கய்யன் அதைக் கேட்டுட்டுப் பந்தக்கால் புடுங்காம நின்னுட்டிருந்த வாசல்ல அப்படியே உக்காந்துட்டாருன்னு சொன்னாங்க. அதுக்கப்பறம் அவரு பழைய ஆளே இல்லை. கோர்ட்டுக்குப் போறதையே உட்டுட்டாரு. வக்கீல் ஆளனுப்பினாலும் போவ மாட்டேன்னுட்டாரு.

அப்பறம் கேஸை ஆரு பாத்தாங்கறீங்க? எங்கண்ணந்தான். இங்கிலீசு தெரிஞ்சவன், வேலை இல்லாதவன், அவன்தானே. மாசம் ஒருக்கா சங்ககிரிக்குப் போயி எங்கய்யனுக்குப் பதிலா நின்னு வாய்தா வாங்கிட்டு வருவான். உலகச் சண்டை முடியற வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு. கடைசியில தீர்ப்பு வந்துச்சு. ஒரு நாள் அவங்க, ஒரு நாள் இவங்க, முன்னால எப்படி எறைச்சாங்களோ அப்படியே எறைச்சுக்கலாம்னு தீர்ப்பு. இதுக்கு எங்க எருதே தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

ஊர்ல அவனுக்கு மரியாதைக்குக் கொறைச்சல் இல்லை. இன்ஜினியர்னுதான் கூப்புடுவாங்க. ஆரு கெணறு வெட்டினாலும் அவனைக் கூப்பிட்டு அளவு கேப்பாங்க, ரோடு காண்ட்ராக்ட்டு ஆளுக வந்தாலும் அவனைத்தான் தேடுவாங்க. எதுவுமே நெலைச்சு நிக்கலை. நாலு நாள் போவான், ஊட்டுல உக்காந்துக்குவான். எங்கய்யன் ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டாரு. ஏர் புடின்னு சொல்ல மாட்டாரு, ஏன் சும்மா இருக்கறேன்னு கேக்க மாட்டாரு. பையனைப் பாக்கறப்பவே அவரு கண்ணு கீழ போயிரும். அவனுக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பவும், இன்ஜினியருக்குப் படிச்ச பையன், நாந்தான் கெடுத்துட்டேன்னு பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்ட அவரே சொன்னாராம்.

எனக்கும் சும்மா போவலை. எங்க மாமியா வாய்க்குப் பூட்டே கெடையாது. புருசன் பொண்டாட்டிக்குள்ள ஒரு சின்னச் சண்டை வந்தாப் போதும், இந்தச் சம்பந்தத்துக்காகவா ஒரு பையன் படிப்பைக் கெடுத்தாங்கன்னு சொல்லுவா. எனக்கு அந்த நெனப்பு ராத்திரி பகல் உடாது. மழை நல்லாப் பேஞ்சு ஊர் சந்தோசமா இருந்தாலும், எங்கண்ணன் எங்கயோ அணை கட்டிட்டு இருக்க வேண்டியவன்னுதான் மனசு அடிச்சுக்கும். எங்கய்யன் மேல கோவங் கோவமா வரும். பொறந்த ஊட்டுக்குப் போனா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேன். அந்த மனுசன் அதையும் வாங்கிக்கிட்டாரு.

உலகச் சண்டை முடிஞ்ச மறு வருசம் அவருக்குக் காமாலை கண்டுச்சு. மருந்து கட்டியும் கேக்கலை. ஆள் உட்டாங்க, போனேன். கட்டில்ல எலும்பும் தோலுமாக் கெடக்கறாரு. எங்களை ரெண்டு பேரையும் கிட்ட உக்காரச் சொன்னாரு. அண்ணனைப் பாத்து ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாரு. பெத்த அப்பன் மவனைக் கும்பிடறதை நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

"உன் படிப்பை நான் கெடுத்துப்போட்டேன் சாமி. வாய்தா குடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தாச் சின்னுசாமி வாசல்ல போயி நின்னு, உன் பையனை அனுப்புடான்னு கேட்டிருப்பேன்."

எங்கண்ணன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். சொவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தான். துக்கத்துல வாய் வரலைன்னு நெனச்சுட்டு நாந்தான் அந்தக் கையைப் புடிச்சு எறக்கிப் போர்வைக்குள்ள வெச்சேன். மறுநா வெடியால போயிட்டாரு.

பங்காளின்னா சண்டை கல்யாணத்துக்குத்தான், சாவுக்கு இல்லை. சித்தப்பனும் செங்கோடனும் ஓடி வந்தாங்க. பாடை தூக்கினதுல செங்கோடனும் ஒருத்தன். கருமாதியன்னிக்கு எல்லாரும் உண்டுட்டுப் போனப்பறம் அவன் எங்கிட்ட வந்து உக்காந்தான். பெரியப்பன் கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டான். சொன்னேன். உன்னைக் கேட்டிருப்பாராம், தெரிஞ்சிருந்தா உங்க வாசல்ல வந்து நின்னிருப்பாராம்னேன்.

செங்கோடன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். "நான் அண்ணங்கிட்ட அப்பவே சொன்னேனே அக்கா."

அவன் சொன்னது இதுதான். கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தி எங்கண்ணன் பாறையில தனியா உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு அங்க போனானாம். காலேஜுல தேதி மாத்த மாட்டாங்கன்னு அண்ணன்தான் அவங்கிட்டச் சொன்னானாம். உடனே செங்கோடன் ஊட்டுக்கு ஓடிப் போயி அவங்கப்பனைக் கேட்டானாம். சித்தப்பன் வெத்தலையைத் துப்பிட்டு, போயி உக்காருடா, அர்த்தநாரி படிச்சு வந்தா நம்ம ஊருக்குத்தானே பேருன்னாராம். செங்கோடன் திரும்ப ஓடி வந்து, வட்டில்ல நான் உக்காந்துக்கறேன் அண்ணா, பெரியப்பங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நாளைக்கு ரயிலைப் புடின்னானாம். ஐயங்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னானாம் எங்கண்ணன். அதுக்கப்பறம் ஒரு சேதியும் வரலையாம். பெரியப்பன்தான் ரோசத்துல வேண்டாம்னுட்டாருன்னு அவங்க இத்தனை வருசமும் நெனச்சுட்டு இருந்திருக்கறாங்க.

நான் எந்திரிச்சு நேரா எங்கண்ணங்கிட்டப் போனேன். மொட்டை அடிச்ச தலையோட மாட்டுத் தொட்டிக்கிட்ட நின்னுட்டிருந்தான். ஐயனைக் கேட்டியான்னேன். எதைன்னு அவன் கேக்கலை. கேக்கலை அம்மிணின்னான்.

ஏன்னு கேட்டேன். தொட்டியைப் பாத்துட்டே சொன்னான். அந்தப் பேப்பரை நெனச்சாலே பயமா இருந்துச்சாம். பட்டணத்துல போய் உக்காந்து படிச்சும் அந்தக் கழித்தல் குறி எங்க தப்பும் எங்க தப்பும்னே இருந்துச்சாம். மறுக்காவும் தோத்துட்டு என்னன்னு சொல்லிட்டு ஊருக்கு வாரதுன்னு தூக்கமே வராதாம். அந்த நேரத்துல எங்கய்யன் கார்டு வந்து சேந்துச்சாம். அதைப் படிச்சதும் அப்பாடான்னு இருந்துச்சாம். நெசத்தை அப்பறமாச் சொல்லிக்கலாம்னு இருந்தானாம். பட்டணத்துலருந்து பொட்டியோட வந்து பாத்தா ஊரே பாவம் பாவங்குது, ஐயன் தலை நிமிராம நிக்கறாரு. அதுக்கு மேல சொல்ல முடியலையாம்.

"தேறியிருப்பனோ என்னமோ, அது எனக்கே தெரியாது. தோத்தவன்னு ஆரும் சொல்லலை அம்மிணி. கெடுத்துட்டாங்கன்னுதான் சொன்னாங்க. அது கொஞ்சம் சொகமா இருந்துச்சு."

பரீட்சைக்குப் பயந்ததுக்கு நான் அவனை ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க. பயம் ஆருக்கில்லை. கழுத்துல மாலையைப் போட்டுட்டுக் கத்தப் பயந்து உக்காந்திருந்தவதான் நானும். என் வகுறு எரிஞ்சது வேற எடத்துல. ஐயன் கும்பிட்டாரே, அப்பவாவது சொன்னா என்னன்னு கேட்டேன். அப்பச் சொல்லியிருந்தா, இத்தனை வருசம் ஏன் சொல்லலைன்னு கேட்டிருப்பாரேன்னான்.

கூடப் பொறந்ததுலருந்து நான் அவனை டா போட்டுப் பேசினதில்லை. அன்னிக்குப் பேசினேன். அவரு கேட்டிருக்க மாட்டாருடான்னேன். போனாப் போவுது சாமின்னு சொல்லியிருப்பாரு. சொல்லிட்டு நிம்மதியாக் கண்ணை மூடியிருப்பாரு.